இதுக்கு ஒரு பேர் இருக்கு

முதன்முதலில் அவர் எனக்கு வைத்த பேர் 'இடமாற்றம்'. அதுவும் கேன்டீனில், நாலு பேர் பார்க்க, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்து.

அன்றைக்குக் காலையில் ஃபோர்மேன் என்னைக் கண்டபடி திட்டியிருந்தார். நான் கடைந்து கொடுத்த ஷாஃப்டில் அளவு தவறிவிட்டது. ஃபோர்மேனிடம் திருப்பிப் பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு மணிக்கு கேன்டீனுக்குப் போனதும், சாம்பாரில் காயே இல்லை என்று பரிமாறுகிறவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாய்யா இது, கை கழுவுன தண்ணியா?" என்று ஆரம்பித்து அவர் பரம்பரையையே இழுத்துவிட்டேன். பக்கத்து பெஞ்சில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இதுக்கு ஒரு பேர் இருக்கு."

"இன்னாது?"

"இடமாற்றம். கோவம் ஒருத்தர் மேல. அவர் மேல காட்ட முடியல. அதனால காட்ட முடிஞ்ச ஆள் மேல காட்டுறது. தற்காப்பு உத்திகள்ல நாலாவது."

எனக்கு அவரையும் சேர்த்து நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். "அதுவும் அதேதான்," என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே ஷெட்டில்தான் வேலை பார்த்தோம். நான் லேத். அவர் அடுத்த வரிசையில் டிரில்லிங். விருதுநகர்ப் பக்கத்து ஆள். ஒல்லி. சட்டையின் மேல் பட்டனைக்கூட போட்டிருப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு, ஆனாலும் நான் 'அண்ணாத்தே' என்றுதான் கூப்பிடுவேன். அஞ்சல் வழியில் உளவியல் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். ஒரு டிகிரி இருந்தால் மிஷினை விட்டு ஆபீஸ் பக்கம் போகலாம் என்று காரணம் சொன்னார். தபாலில் வந்த பாடப் புத்தகங்களுக்கு காக்கித் தாளில் அட்டை போட்டு, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு மேல் வைத்துக் கொண்டுவருவார். ஷெட்டில் அவருக்கு 'சைக்காலஜி' என்றே பேர் விழுந்துவிட்டது.

"இன்னா சைக்காலஜி, இன்னிக்கு எனுக்கு இன்னா நோவு?" என்று போகிற போக்கில் கேட்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். உண்மையாகவே யோசித்துப் பதில் சொல்வார். வெல்டிங் பகுதியில் ஒருவருக்கு சார்ஜ்மேன் பதவி கிடைக்காமல் போனது. "அத்த வச்சிகினு இன்னாபா பண்றது, தலவலி புடிச்ச வேல," என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, இவர் "நியாயப்படுத்துதல்" என்றார். அந்த மனிதர் ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. அதற்கும் இவரிடம் ஒரு பேர் இருந்தது.

கேட்கிறவருக்கு வலிக்குமே என்று இவருக்குத் தோன்றவே தோன்றாது. வலிக்கிற இடத்துக்குப் பேர் தெரிந்தால் வலி குறையும் என்று நிஜமாகவே நம்பினார். அவரைப் பற்றி நான் சொல்லப்போகிறது எல்லாமே இந்த ஒரு புத்தியைச் சுற்றித்தான்.

நான் அவர் வீட்டுக்குக் குடிபோன கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு வீடு நசரத்பேட்டையில். அப்பா காலத்தில் ஊரார் நிலத்தில் கூலி வேலை. நானும் அண்ணனும்தான் தொழிற்சாலை, கம்பெனி என்று வெளியே வந்தோம். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பெண்டாட்டி என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் எனக்குச் சோற்றுத் தட்டை வைக்கிற சத்தம் ஒன்று இருந்தது. கல்யாணம் ஆகாத முப்பது வயசுக்காரனுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே புரியும். ஒருநாள் கேன்டீனில் இதைச் சொன்னேன். அவர் பேர் எதுவும் சொல்லாமல், "எங்கூட வந்து இருந்துக்கப்பா. வீட்டுல ஊருக்குப் போயிருக்கா," என்றார்.

குவார்ட்டர்ஸில் வெளி ஆளைத் தங்கவைக்கக் கூடாது. சட்டப்படி தப்பு. ஆனால் வரிசைக்கு இரண்டு வீட்டில் இப்படி யாராவது இருந்தார்கள். கணக்கெடுக்க எஸ்டேட் ஆபீஸ் ஆள் வந்தால் சொல்வதற்கு எல்லார் வீட்டிலும் ஒரே பதில்தான்: மச்சினன். மனைவியின் தம்பி என்றால் யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். அப்படி நான், பார்த்தே இராத ஒரு பெண்ணுக்குத் தம்பியானேன்.

"அக்கா எங்கே?" என்று எஸ்டேட் ஆள் கேட்பார்.

"ஊருக்குப் போயிருக்காங்க சார்."

"எப்ப வராங்க?"

"அடுத்த வாரம் சார்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வருவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அடுத்த வாரம் என்பேன். ஒவ்வொரு தடவையும் அண்ணாத்தே எனக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எஸ்டேட் ஆள் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்காது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. பின்பக்கம் சிறிய முற்றம், அதில் ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டிக்கு மேல் குழாய். அறை மூலையில் அந்த அக்காவின் தையல் மிஷின், பழைய போர்வை போட்டு மூடியிருக்கும். அதை அவரும் தொட மாட்டார், என்னையும் தொட விடமாட்டார். நான் ஹாலில் படுப்பேன். எங்கள் சமையல் ஒன்றும் பிரமாதமில்லை. அவர் புளிக்குழம்பு வைப்பார், நான் மீன் வாங்கி வந்தால் வறுப்பேன். தனியாக இருந்து பழகிய இரண்டு பேர் எவ்வளவு பேசுவார்களோ அவ்வளவு பேசினோம். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. தட்டு வைக்கிற சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை.

அவர் பாடம் படிப்பது தனியாக உட்கார்ந்து அல்ல. எதைப் படித்தாலும் உடனே யார் மேலாவது வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். நினைவாற்றல் பாடம் வந்தபோது இருபது காய்கறிப் பேரை வரிசையாக வாசித்துவிட்டு, "சொல்லு பாப்போம்," என்றார். நான் கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என்று மூன்று சொல்லி, நடுவில் முழித்து, கடைசியில் இருந்த பீர்க்கங்காயையும் சேனையையும் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "புஸ்தகத்துல இருக்குற மாதிரியே சொல்ற. முதல்ல வந்ததும் கடைசில வந்ததும் நிக்கும். நடுவுல உள்ளது போயிரும்," என்றார். பாஸாகிவிட்ட பிள்ளை மாதிரி எனக்கும் பெருமையாக இருந்தது.

தூண்டல், துலங்கல் என்று ஒரு பாடம். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுவதைப் பற்றியது. அதைப் படித்த மறுநாள், மத்தியானச் சங்கு ஊதுகிற நேரத்தில் என்னைக் குவார்ட்டர்ஸ் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். இருவருக்கும் அன்று இரண்டாம் ஷிஃப்ட். சங்கு ஊதியதுதான் தாமதம், வரிசை முழுக்க வீட்டுக்கு வீடு பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. புருஷன் விடுமுறையில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அம்மாகூட எழுந்து குழம்பைச் சூடு பண்ணப் போனார்.

"பாத்தியா. அந்தம்மாவுக்குத் தெரியாது, தான் எதுக்கு எந்திரிச்சோம்னு."

"அந்தம்மா காதுல உயுந்தா தொடப்பத்த எடுத்துகினு வரும், அண்ணாத்தே."

"அதுவும் துலங்கல்தான்," என்றார். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரை வரைக்கும் நடப்போம். அவர் தண்ணீரைப் பார்ப்பார், நான் கொக்கைப் பார்ப்பேன். அங்கே மட்டும் அவர் யாருக்கும் பேர் வைப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அங்கே ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவர் எழுந்து, நேரமாகிவிட்டது என்று விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தார். நேரம் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

விஷயம் எனக்கு எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும். அண்ணாத்தேவுக்கும் அந்த அக்காவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்து, போய்விட்டது. பிறந்ததிலிருந்து ஒரே அழுகை. "அந்தப் புள்ள அய்துது அய்துது, நாங்கல்லாம் மாத்தி மாத்தித் தூக்கினோம். அப்பால ஒருநா அய்வே இல்ல," என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அந்த அக்கா இரண்டு மாதம் இங்கே இருந்தார். திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் வேண்டிக்கொள்ளச் சொல்லி வரிசையில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாத்தே கேட்கவில்லை. அந்த அக்கா ஊருக்குப் போனார். அவர் போன அடுத்த மாதம்தான் இவர் படிப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார். ஆபீஸ் வேலைக்காகப் படிக்கிறேன் என்று என்னிடம் சொன்னது எந்த உத்தியில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். அம்மாவுக்கு முடியவில்லை, மாடு கன்று போட்டிருக்கிறது, தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு மாதமும் வராததற்கு ஒரு காரணம் இருக்கும். அவர் படித்துவிட்டு மடித்து உளவியல் புத்தகத்துக்குள்ளே வைப்பார்.

ஒருநாள் வந்த கடிதம் வேறு மாதிரி. படித்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார். "படிச்சுப் பாரு," என்றார். நான் வேண்டாம் என்றேன். "பரவால்ல, படி."

அந்தக் கடிதம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. 'குழந்தை போன பிறகு அங்கே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் அழுகிற சத்தம் கேட்டது. உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது. இங்கே கிணறுதான். கிணற்றில் கேட்கவில்லை. அங்கே வந்தால் மறுபடி கேட்குமோ என்று பயமாக இருக்கிறது. கேட்காமலே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. உங்களுக்குக் கேட்கிறதா?' இவ்வளவுதான் எழுதியிருந்தார். மாட்டைப் பற்றி ஒன்றுமில்லை.

படித்து முடித்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து பதில் எழுதினார். பரீட்சைக்கு எழுதுவது போல, அடிக்கோல் வைத்து, சிவப்பு மையில் கோடு போட்டு. 'நீ குறிப்பிட்டுள்ளது இல்பொருள் காட்சி எனப்படும். புறத்தே தூண்டல் ஏதும் இல்லாமல் புலன்கள் உணர்வதாகத் தோன்றுவது. பெருந்துயரில் உள்ளவர்களுக்கு இது ஏற்படுவதுண்டு, அஞ்ச வேண்டாம். இதுவரை நீ வராததற்கு எழுதிய காரணங்கள் நியாயப்படுத்துதல் என்னும் தற்காப்பு உத்தியைச் சார்ந்தவை. அவற்றையும் நீ உணர்ந்துகொள்வது நல்லது. எப்போது வருகிறாய்?' உங்களுக்குக் கேட்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

லெட்டரை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தார். "நீ ஒரு தடவ பாத்துட்டு, சரியா இருந்தா ஒட்டிப் போட்டுரு," என்றார்.

நான் பார்த்தேன். லேத்தில் இரும்பைக் கடைகிறவன்தான் நான், படிப்பு பத்தாவது. ஆனாலும் இந்தக் கடிதம் போனால் அந்தப் பொம்பளை இனி வரமாட்டாள் என்பது எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. 'வாணாம் அண்ணாத்தே, கிய்ச்சிப் போடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாரம்தான் ஹாலில் என் சட்டைகளை மாட்ட நாலு ஆணி அடித்திருந்தேன். அவள் வந்தால் நான் நசரத்பேட்டைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தட்டுக்கும் அந்தச் சத்தத்துக்கும்.

"சோக்கா கீது அண்ணாத்தே. டாக்டர் எய்தின மாதிரி கீது," என்றேன். எச்சில் தொட்டு ஒட்டினேன். ஸ்டேஷன் பக்கத்துத் தபால் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

அதற்குப் பிறகு லெட்டர் வரவில்லை. முதல் மாதம் அவர் தபால்காரரிடம் கேட்டார். இரண்டாம் மாதம் கேட்காமல் வாசலில் நின்றார். மூன்றாம் மாதம், "பதில் போடாம இருக்குறதுக்கும் ஒரு பேர் இருக்கு. விலகல்," என்று என்னிடம் சொன்னார். புளிக்குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு நாளில், இருவரும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டு முடித்தோம். வீடு அப்படி ஆகிவிட்டது. எஸ்டேட் ஆள் வந்து கேட்டால் மட்டும், அடுத்த வாரம் என்று நான் சொன்னேன். பத்து மாதம் இப்படியே போயிற்று.

பரீட்சை வந்தது. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். பொதுஉளவியல் தாள் எழுதிய அன்று, இரண்டு மணிக்கு ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்தார். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. நான் சோறு போட்டேன். தொடவில்லை.

"கஷ்டமா இருந்திச்சா?"

"சுலபம். ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு வந்துச்சு. திரிபுக் காட்சி, இல்பொருள் காட்சி, வேறுபாடு எழுதுக."

"அத்தத்தான் நீ தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவியே."

"எழுதிட்டேன். கயிறு கெடக்கு, அதப் பாம்புன்னு நெனச்சா அது திரிபு. ஏன்னா, வெளிய ஏதோ ஒண்ணு இருக்கு. எதுவுமே இல்லாம பாம்பு தெரிஞ்சா அதுதான் இல்பொருள். உதாரணத்தோட எழுதிட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எழுதி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது. அவளுக்குத் தப்பா எழுதிட்டேன்ப்பா. குழாய்ச் சத்தம் இருந்துச்சுல்ல. வெளிய ஒரு தூண்டல் இருந்துச்சு. சத்தம் இருந்துதான் அது புள்ள சத்தமாக் கேட்டுருக்கு. அது திரிபு. நான் இல்பொருள்னு எழுதிட்டேன். ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டேன்."

எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. பெண்டாட்டி பத்து மாதமாகப் பேச்சை நிறுத்திவிட்டாள். இந்த மனிதருக்கு, வைத்த பேர் தப்பாகிவிட்டதாம்.

அப்போது மூன்று மணி ஆனது, திறந்து கிடந்த முற்றத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கமாக அவர்தான் எழுந்து போய்த் தண்ணீர் பிடிப்பார். அவர் பிடிக்கிற விதமே ஒரு மாதிரி இருக்கும். திறப்பார், சட்டென்று மூடுவார், கொஞ்சம் நிற்பார், மறுபடி திறப்பார். வாஷர் போயிருக்கு என்று சொல்லுவார். வாஷரை நானே இரண்டு தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தொட்டி நிரம்பி முற்றத்தில் ஓட ஆரம்பித்தது. நான் எழுந்தேன்.

"மூடாத," என்றார். "இருக்கட்டும்."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"எனக்கும் கேக்குதுப்பா," என்றார். "அவ ஊருக்குப் போன மறுநாள்லருந்து. மூடுனா நின்னுரும். தெறந்தா வரும். என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் புஸ்தகமே வாங்குனேன்."

சோற்றுத் தட்டின் மேல் குனிந்து அழுதார். தோளைப் பிடிக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் அப்படித் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. தண்ணீர் நின்றுபோகும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இத்த அக்காவுக்கு எய்து அண்ணாத்தே," என்றேன் கடைசியில்.

"எப்படி எழுதுறது? ஒண்ணுமே இல்லன்னு நானே எழுதிட்டு."

அவர் எழுத மாட்டார் என்று தெரிந்துபோயிற்று. நானே ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். 'அக்கா, நான் உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறவன், எஸ்டேட் ஆபீஸ் கணக்குக்கு உங்கள் தம்பி. குழாயில் அண்ணாத்தேவுக்கும் கேட்கிறது. தினமும் மூடி மூடித் திறந்து பார்க்கிறார். உங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.' இதுதான் நான் எழுதியது. எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது. போடுவதற்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். தபால் பெட்டி வழியாகவே போனேன், வந்தேன். ஹாலில் அந்த நாலு ஆணியைப் பார்க்கிறபோதெல்லாம் நாளைக்குப் போடலாம் என்று இருக்கும். பத்தாம் நாள் வியர்வையில் லெட்டரின் மடிப்பு நைந்துவிட்டது. இனி வைத்திருந்தால் முகவரி அழிந்துவிடும் என்று போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வந்தார். துணைக்கு யாருமில்லை, கையில் ஒரு பை மட்டும். நான்தான் கதவைத் திறந்தேன். என்னைவிடச் சின்னவராக இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் என் தம்பியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

உள்ளே அண்ணாத்தே எழுந்து நின்றார். அக்கா பையை வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போனார். அது தண்ணீர் வருகிற நேரமில்லை. ஆனாலும் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவரும் போய் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இருவரும் மூன்று மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ போட்டுக் கொண்டுபோனேன், ஆறிப்போயிற்று, எடுத்து வந்தேன்.

தண்ணீர் வந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்தார்.

"கேக்குதா?"

"கேக்குது," என்றார்.

"இப்பவுமா?"

"இப்பவும்."

அவர் அதற்குப் பேர் சொல்லிவிடுவாரோ என்று சமையலறை வாசலில் காது கொடுத்து நின்றேன். சொல்லவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் எட்டிக் குழாயை மூடப் போனார், அக்கா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். நான் ஹாலுக்கு வந்து ஆணியிலிருந்து சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அக்கா என்னைப் போகச் சொல்லவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்க தம்பி என்று உண்மையாகத்தான் சொன்னார். ஒரு அறை, ஒரு ஹால் வீட்டில் அது நடக்காது என்று எங்கள் மூவருக்குமே தெரியும். அன்றைக்கே கிளம்பினேன். சாயங்காலம் அண்ணாத்தே என் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பூந்தமல்லி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார்.

பஸ் வர நேரமாயிற்று. பெட்டியின் மேல் உட்கார்ந்தோம்.

"அந்த லெட்டர ஒட்டாமத்தான் உங்கிட்ட குடுத்தேன்," என்றார் திடீரென்று.

"ஆமா."

"நீ வேணாம்னு சொல்லுவன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். எனக்கே சரியாப் படல. யாராவது வேணாம்னு சொன்னாப் போதும்னு இருந்துச்சு."

எதிரில் சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார், அதையே பார்த்தேன்.

"தெரிஞ்சிதான் போட்டேன் அண்ணாத்தே," என்றேன். "அக்கா வந்துட்டா நான் எங்க போறதுன்னு போட்டேன். அதுக்கு இன்னா பேரு?"

கேட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்கிற மனிதர். நாலாவது உத்தி, ஆறாவது உத்தி என்று எண்ணோடு சொல்கிறவர்.

"இருக்கு," என்றார். "வேணாம், விடு."

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கி மேலே வைத்துக் கொடுத்தார். தட்டு வைக்கிற சத்தம் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் பூந்தமல்லியில் தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டேன், அதில்தான் இன்றுவரைக்கும் இருக்கிறேன். கல்யாணம் கூடிவரவில்லை.

பிறகும் நாலு வருஷம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம், அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் வரைக்கும். டிகிரி வாங்கினார். ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. கேன்டீனில் அதே பெஞ்சில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டு, வெல்டிங் ஆளுக்கு ஒன்று, ஃபோர்மேனுக்கு ஒன்று என்று எல்லாருக்கும் பேர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் வேண்டுமென்றே அவர் காதுபட சாம்பாரைத் திட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் தலையைத் தூக்கி, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்பார்.